தாய்மாமன் எச்சில்

மார்ச் 3

என் அருமைத் தங்கைக்கும், அவள் பெற்றெடுத்த மகாராஜாவுக்கும், பல்செட் உலகின் சக்கரவர்த்தியாகிய உன் அண்ணன் எழுதுவது.

இங்கே நான் சௌக்கியம். பையன் பிறந்த செய்தி வந்ததும் தெருவுக்கே மிட்டாய் கொடுத்தேன். பல்லே இல்லாத என் வாடிக்கையாளர்களுக்கும் கொடுத்தேன். வாயில் போட்டுக்கொண்டு மத்தியானம் வரை என்னை வாழ்த்த முடியாமல் தவித்தார்கள். தாய்மாமன் ஆன பெருமையில் நெஞ்சு புடைத்த புடைப்புக்குக் கடைக் கதவைக் கழற்றித்தான் என்னை வெளியே எடுத்தார்கள்.

ஆனால் உன் கடிதத்தின் இரண்டாம் பக்கம் இருக்கிறதே. அடியே வாலு, அதைப் படித்ததும் காலையில் சாப்பிட்டது தொண்டை வரை வந்து, வெளியே போகட்டுமா வேண்டாமா என்று என்னிடமே யோசனை கேட்டது. உன் புகுந்த வீட்டில் பிறந்த பிள்ளையின் நெற்றியில் எச்சில் வைத்துத்தான் வரவேற்பார்களாமே.

எச்சிலைப் பற்றி எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். பதினெட்டு வயதிலிருந்து அதில் முழங்கை வரை நிற்கிறேன். பல் கட்ட வருகிற ஒவ்வொரு வாயும் ஒரு சாக்கடை. நூல் நூலாக இழுபடும், நுரைக்கும், காய்ந்தால் ஓடு மாதிரி ஒட்டிக்கொள்ளும். அதன் வாடை எந்தச் சோப்புக்கும் அஞ்சாது. நேற்றுக்கூட ஒரு பெரியவர் பழைய பல்செட்டைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து நீட்டினார். போன வாரச் சாப்பாடு அதில் குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தது. அந்தச் சமாச்சாரத்தையா நம் மகாராஜா நெற்றியில் வைப்பது?

நான் வருகிறேன். அதுவரை பிள்ளையை மூடி வை. நம் வழக்கப்படி சர்க்கரைத் தண்ணீரில் விரலைத் தொட்டு முதல் இனிப்பை அவன் நாக்கில் நான் வைப்பேன். அது நாகரிகம்.

உன் அண்ணன்,
அகில உலகத் தாய்மாமன்

மார்ச் 8

அன்புள்ள அண்ணாவுக்கு,

நானும் பையனும் நல்லா இருக்கோம். உங்க மருமகன் அழுதா மேல்மாடிக்காரங்க இறங்கி வந்து கதவைத் தட்டுறாங்க. தொண்டை அப்படியே உங்களுது.

உங்க லெட்டரை மாமியாருக்கு அவங்க பாஷையில சொன்னேன். எச்சில் சமாச்சாரத்தை முழுங்கிட்டு, விரல் சமாச்சாரத்தை மட்டும். அவங்க முகம் போன போக்கை நீங்க பார்த்திருக்கணும். "ஊர்ப்பட்ட வாய்க்குள்ள விட்ட விரலைப் பச்சைப்புள்ள வாயிலயா?"ன்னு கேட்டுட்டு, எழுந்து போய்க் கையைக் கழுவிட்டு வந்தாங்க. அவங்க எதுக்குக் கழுவினாங்கன்னு எனக்குத் தெரியலை. டாக்டரும் தாய்ப்பாலைத் தவிர ஒரு சொட்டு கூடாதுன்னுட்டார். அதனால உங்க விரல் ரத்து. கோவிச்சுக்காதீங்க.

ஆனா நீங்க ஒண்ணைத் தப்பாப் புரிஞ்சுக்கிட்டீங்க. கண்டவங்களும் எச்சில் வைக்கிறதில்லை. தாய்மாமன்தான் வைக்கணும். பெருவிரலை நாக்கில தொட்டு நெத்தியில ஒரு பொட்டு, அவ்வளவுதான். அது வச்ச பிறகுதான் பேரு வைப்பாங்க, பிள்ளையை வாசல் தாண்டித் தூக்கிட்டுப் போவாங்க. அதுவரைக்கும் அவன் பேரில்லாமத்தான் படுத்திருப்பான். எல்லாரும் உங்களுக்காகக் காத்துக்கிட்டு இருக்காங்க. மாமியார் தன் ரூமை உங்களுக்கு ஒழிச்சுக் கொடுத்துட்டு சோபாவில படுக்கிறாங்க.

அண்ணா, என் கல்யாணத்துக்கு உங்களால வர முடியலை. என் பக்கத்து நாற்காலியெல்லாம் காலியாக் கிடந்தது. எனக்குன்னு யாராவது இருக்காங்களான்னு இந்த வீட்டில இன்னும் ஒரு சந்தேகம். நீங்க வந்து அந்தப் பொட்டை வச்சா அது தீர்ந்துடும். பதினாறாம் தேதி தடுப்பூசிக்குத் தூக்கிட்டுப் போயாகணும். அதுக்குள்ள வாங்க.

உங்க தங்கச்சி

மார்ச் 11

வாலுக்கு,

உன் கடிதத்தைப் படித்ததும் என் நாக்கு தன்னைத்தானே சுருட்டிக்கொண்டு தொண்டைக்குள் போய் ஒளிந்தது. இன்னும் வெளியே வரவில்லை.

நானா? என் எச்சிலா? உனக்காகக் கண்ணாடி முன்னால் நின்று பெருவிரலை நக்கிப் பார்த்தேன். பிறகு அந்த விரலைப் பார்த்தேன். பிறகு கொல்லைப்பக்கம் ஓடினேன். அரை நாள் சோப்புப் போட்டதில் விரல் ஒரு சுற்று இளைத்துவிட்டது.

வழி ஒன்று கண்டுபிடித்திருக்கிறேன். காய்ச்சி வடித்த தண்ணீரைப் புட்டியில் அடைத்து இத்துடன் அனுப்பியிருக்கிறேன். அண்ணன் எச்சில் என்று சொல்லி வைத்துவிடு. குலுக்கினால் நுரைகூட வரும். தொழில் தெரிந்தவன் செய்தது.

அது ஒப்பாது என்றால் உன் மாமியாரிடம் சொல். குட்டி போட்ட நாய்தான் நக்கும். மனிதப் பிள்ளைக்குத் தண்ணீர் இருக்கிறது, சோப்பு இருக்கிறது. இந்தக் கேடுகெட்ட அசிங்கத்துக்கு என்னை இழுக்க வேண்டாம். வேறு யாராவது துப்பித் தொலைத்து, பிள்ளையை மூன்று தண்ணீர் விட்டு அலசிய பிறகு சொல்லி அனுப்பு. ராஜநடை போட்டு வருகிறேன்.

சுத்தபத்தமான உன் அண்ணன்

மார்ச் 17

அண்ணாவுக்கு,

உங்க லெட்டர் வந்தப்ப மாமியார் பக்கத்தில உட்கார்ந்திருந்தாங்க. "என்ன எழுதியிருக்கார்?"ன்னாங்க. கிளம்பிட்டு இருக்கார்னு சொன்னேன். மறுநாளும் கேட்டாங்க. ரயில்ல இடம் கிடைக்கலைன்னேன். அவங்க தம்பி, "நான் வேணா வைக்கட்டுமா?"ன்னார். "அவ அண்ணன் வருவார், நீ சும்மா இரு"ன்னு மாமியார் அதட்டினாங்க.

புட்டியும் வந்துச்சு. நுரை நல்லா வருது. ஜன்னல் செடிக்கு ஊத்திட்டேன்.

நேத்துக் காலையில ஊசிக்குக் கிளம்பி, செருப்பு மாட்டிட்டு எல்லாரும் வாசல்ல நிக்கிறாங்க. நானே என் பெருவிரலை நாக்கில தொட்டேன். மாமியார் சட்டுன்னு என் கையைப் பிடிச்சுட்டாங்க. "பெத்தவளே வச்சா, புள்ளைக்குத் தாய்மாமன் கிடையாதுன்னு அர்த்தம். தெரியும்ல?"

தெரியும்னு சொன்னேன். வச்சேன்.

பேரு வச்சாச்சு. மாமியார் திரும்ப அவங்க ரூம்லயே படுத்துக்கிறாங்க. உங்க உடம்பைப் பார்த்துக்கோங்க.

இப்படிக்கு,
பையனோட அம்மா

ஏப்ரல் 20

என் தங்கைக்கு,

இதற்கு முன் எழுதியவற்றுக்குப் பதில் இல்லை. தபால்காரர் மேல் சந்தேகப்பட்டு அவர் பையையே கவிழ்த்துப் பார்த்தேன். மனிதர் இப்போது என் தெருவுக்கு ஹெல்மெட்டோடு வருகிறார்.

இன்று பல் கட்ட வந்த ஒருவர், வாயில் அச்சு எடுக்கும் நேரத்துக்குப் பேரனை என் மடியில் உட்கார வைத்துவிட்டார். அது என் சட்டை முழுக்க எச்சில் ஒழுக்கியது. துடைக்காமல் உட்கார்ந்திருந்தேன். "உங்களுக்கும் ஒரு மருமகன் பிறந்திருக்கானாமே, என்ன பேரு?" என்று அவர் கேட்டார்.

நான் மிட்டாய் கொடுத்த தெரு இது. ஏதோ ஒரு பெயரைச் சொன்னேன். நல்ல பெயர் என்றார்.

நீ வேறு எதுவும் எழுத வேண்டாம். பெயரை மட்டும் எழுது.

அண்ணன்