விருந்தன்று விட்டத்தைத் தட்டியவர்

இன்று காலை பக்கத்து வீட்டுப் பெண் உங்கள் இரும்புக் கம்பியை நட்டுத் தேங்காய் உரித்துக்கொண்டிருந்தாள். கரிச் சுரங்கத்தில் உங்கள் உயிரைக் காத்த கம்பி அது என்றேன். "அப்படிங்களா, நல்லா உரியுதுங்க" என்றாள். நீங்கள் கேட்டிருந்தால் ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசியிருக்க மாட்டீர்கள்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில், நமக்குக் கல்யாணமான புதிது. தெலுங்குச் சீமைச் சுரங்கத்திலிருந்து லீவில் வந்து தாலி கட்டிய நீங்கள், உடுமலைப்பேட்டைக்குப் பக்கத்தில் எங்கள் வீட்டு விருந்துக்குத் தகரப் பெட்டியோடு வந்து இறங்கினீர்கள். பட்டுச் சேலை இருக்கும் என்று அம்மா ஆசையாகத் திறந்தாள். பிக்காசு, சம்மட்டி, ஆப்பு, கூண்டு விளக்கு, இந்தக் கம்பி. "திருட்டுப் போயிருமுங்க, அதான் கையோட கொண்டாந்தேன்" என்றீர்கள். அம்மா பெட்டியை மூடினாள்.

இலை போட்டாயிற்று. நீங்கள் உட்காரவில்லை. கம்பியால் தலைக்கு மேலிருந்த விட்டத்தைத் தட்டி, காதைச் சாய்த்துக் கேட்டீர்கள்.

"உள்ள பொக்குங்க மாமா, வெறுங்கூடு. சுரங்கத்துல இந்தச் சத்தம் கேட்டா சோத்துப் போசிய உட்டுப்போட்டு ஓடியாந்துருவோமுங்க."

"ஏனுங்க மாப்ள, என்ற பாட்டன் காலத்துல இருந்து இதுக்கடியிலதான் திங்கறோமுங்க!" என்றார் அப்பா. விட்டத்துக்கு நேர் கீழே சம்மணம் போட்டு உட்கார்ந்து, வீம்புக்கு இரண்டாம் முறை பாயசம் வாங்கினார். விட்டம் அசையவில்லை. நீங்கள் இலையோடு வாசல் வெயிலுக்குப் போய்விட்டீர்கள். அடுப்படியில் அத்தைமார், மாப்பிள்ளைக்குக் கிறுக்கு, பெண்ணை அனுப்ப வேண்டாம் என்று முடிவே செய்துவிட்டார்கள்.

எனக்கும் பயம்தான். எட்டிப் பார்த்தேன். வியர்த்து வழிய, யாரையும் ஒரு சொல் குறை சொல்லாமல், ரசம் குடித்துக்கொண்டிருந்தீர்கள். கிறுக்கர் முகமாகத் தெரியவில்லை. ஓர் இலையை எடுத்துக்கொண்டு வந்து உங்கள் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

வீடே வெளியே ஓடிவந்தது. "அம்மணி, எந்திரி! புருசங்கூடச் சமமா உக்காந்து திங்கறவ எந்த ஊர்லயாச்சும் உண்டா?" என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். அப்பாவும் எச்சில் கையோடு வந்து கத்தினார். அவர் கத்திக்கொண்டிருக்கும்போதே உள்ளே மடாரென்று ஒரு சத்தம். புழுதி அடங்கியதும் எட்டிப் பார்த்தோம். கறையான் தின்ற விட்டம் அப்பாவின் இலைமேல் கிடந்தது.

அப்பா எச்சில் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார். பிறகு சொன்னார்: "மாப்ள தட்டுனதுனாலதானுங்க உழுந்துது!"

சாகும்வரை அதையே சொன்னார். நீங்களும் ஒவ்வொரு முறையும் "இருக்குமுங்க மாமா" என்றீர்கள்.

அன்று என்னை எழுப்பிவிட யாருக்கும் வாய் வரவில்லை. அதுவே பழக்கமாயிற்று; கடைசிவரை சேர்ந்தே சாப்பிட்டோம். இப்போது நம் பேரன் பெண்டாட்டி, நான் சாப்பிட்டு முடிக்கட்டும் என்று அடுப்படியிலேயே நிற்கிறாள். "வா கண்ணு, சோறு ஆறுது" என்கிறேன். அவள் வந்து உட்காரும்வரை நான் இலையில் கை வைப்பதில்லை.