சென்சாருக்குச் சந்தனம்

17 ஜனவரி 2009, சனி இரவு

டயரில் காற்று குறைந்தால் எரியும் மஞ்சள் விளக்கு எங்கள் காரில் ஒரு வாரமாக எரிகிறது. காற்று சரியாகத்தான் இருக்கிறது, அதை அளக்கும் சென்சார்தான் பழுது. நேற்று அப்பா திருப்போரூரில் புதியதை மாட்டிக்கொண்டு வந்தும் அணையவில்லை.

"விளக்கு எரியற வண்டியில குழந்தையை மெட்ராசுக்கு அனுப்பமாட்டேன்" என்று அம்மா சொல்லிவிட்டாள். புத்தகக் கண்காட்சி நாளையோடு முடிகிறது. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

சென்சாரோடு வந்த தாளை நான்தான் படித்தேன். சென்சாரில் உள்ள சின்ன ஓட்டையை மூடக் கூடாதாம். சொன்னேன். அப்பா காதில் விழாததுபோல எழுந்து போனார்.

மாலையில் மெக்கானிக் சேகர் அண்ணன் வந்து டயரைக் கழற்றினார். "இன்னா சார் இது! ஓட்டையில சந்தனம் அடச்சிகினு கீது. மேல குங்குமம் வேற!"

அப்பா அம்மாவைப் பார்த்தார்.

"என்னை ஏன் பாக்கறீங்க? திருப்போரூருக்குத் தனியாப் போனது நீங்க."

சாமி இல்லை என்று எல்லோரிடமும் வாதாடும் அணு விஞ்ஞானியான அப்பா, மூக்குக் கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தார். "வெளிநாட்டுப் பொருள். கெட்டா மறுபடி கிடைக்காது. அதான் முருகன் சந்நிதியில வச்சு..."

அண்ணன் சந்தனத்தைத் துடைத்து மறுபடி மாட்டினார். தெருமுனை வரை ஓட்டியதும் விளக்கு அணைந்தது.

ஆபீஸ் மாமாக்களிடம் இதைச் சொல்லிவிடாதே என்று அப்பா கெஞ்சினார். நாளை எத்தனை புத்தகம் வேண்டுமானாலும் வாங்கிக்கொள்ளலாமாம்.

முருகா, சந்தனத்துக்கு நன்றி.