பரணில் இருக்கும் சூடு

1

என் அன்புக்குரிய கப்பல்காரருக்கு,

உங்கள் மனைவி எழுதுவது. நானும் மகளும் ஏழு குதிரைகளும் சுகமாக இருக்கிறோம். நீங்கள் எந்தக் கடலில் இருந்தாலும் நேரத்துக்குச் சாப்பிட்டுத் தூங்க வேண்டும். இந்தக் கடிதம் உங்களை அடுத்த துறைமுகத்தில்தான் பிடிக்குமாம். அதற்குள் செய்தியெல்லாம் பழசாகிவிடும், பரவாயில்லை.

முதலில் நல்ல செய்தி. இந்த வருஷம் வெளியிலிருந்து ஒரு கட்டுப் புல்கூட வாங்க மாட்டோம் என்று நீங்கள் கிளம்பும்போது வாக்குக் கொடுத்தேன் அல்லவா? காப்பாற்றிவிட்டேன். பின்வயலில் நாமே வளர்த்த புல்லை அறுத்துக் காயவைத்து, இருநூறு கட்டுக்கு மேல் லாயத்துப் பரணில் ஏற்றியாகிவிட்டது. குதிரை லத்தி உரமாகிறது, உரம் வயலுக்குப் போகிறது, வயல் புல் தருகிறது. சாப்பாட்டு மேஜையில் நீங்கள் விரலால் வட்டம் போட்டுக் காட்டியது இதுதானே.

குதிரைக்காரர் மட்டும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். ஒரு பிடி புல்லை முறுக்கிப் பார்த்துவிட்டு, உள்ளே இன்னும் ஈரம் இருக்கிறது, இரண்டு நாள் வயலிலேயே கிடக்கட்டும் என்றார். மேற்கே மேகம் கறுத்துக் கிடந்தது. நனைந்து வீணாய்ப் போனால் நீங்களா தின்னப் போகிறீர்கள் என்று கேட்டுவிட்டேன். சவாரி பழக வந்தவர்கள் முன்னால் கேட்டிருக்கக் கூடாதுதான். அதற்குப் பிறகு அவர் வாயே திறக்கவில்லை. மழையும் வரவில்லை.

நம் குதிரை மகாராணிக்கு உங்கள் ஏக்கம். கண் போனதிலிருந்து உங்கள் சீட்டிச் சத்தம் கேட்டால்தான் இடத்தை விட்டு நகர்வேன் என்கிறாளே, நான் சீட்டி அடித்தால் வெறும் காற்றுதான் வருகிறது. கடைசியில் நீங்கள் ஆணியில் மாட்டிவிட்டுப் போன அழுக்குச் சட்டையைப் போட்டுக்கொண்டு போய் நின்றேன். முகர்ந்து பார்த்துவிட்டுப் பேசாமல் பின்னாலேயே வந்தாள். சட்டையை நான் துவைக்கவில்லை. அவளுக்காகத்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் வீட்டுக்காரி

2

அன்புள்ளவருக்கு,

கட்டு ஏற்றி இரண்டு வாரம் ஆகிறது. லாயத்துக்குள் நுழைந்தாலே சர்க்கரை கருகுகிற மாதிரி ஒரு வாசனை. மகளுக்கு அது ரொம்பப் பிடித்துவிட்டது. பள்ளி விட்டு வந்ததும் பரணில் ஏறிக் கதகதப்பாக உட்கார்ந்துகொண்டுதான் வீட்டுப்பாடம் எழுதுகிறாள். காலையில் கூரைத் தகரத்தின் அடிப்பக்கம் வியர்த்துச் சொட்டுகிறது.

கட்டுகளுக்கு நடுவில் கையை விட்டால் நல்ல சூடு. லத்திக் குவியலில் செருகிப் பார்க்கச் சொல்லி ஒரு நீளமான தெர்மாமீட்டர் கொடுத்தீர்களே, அதைப் புல்லிலும் செருகினேன். ஐம்பத்தெட்டு. குவியல் அறுபதைத் தொட்டால் உள்ளே வேலை நடக்கிறது, சந்தோஷப்படு என்று நீங்கள் சொன்னது ஞாபகம் வந்தது. சந்தோஷப்பட்டேன்.

குதிரைக்காரர் பரணுக்குக் கீழே இருந்த தன் கட்டிலைச் சேணம் வைக்கிற அறைக்கு மாற்றிக்கொண்டார். ஏன் என்று கேட்டால் கொசு என்கிறார். என் மேல் இன்னும் கோபம் தீரவில்லை போலும். மகாராணியும் சரியாகத் தின்பதில்லை. பரணைப் பார்த்துத் தலையைத் தூக்கி, மூக்கை விரித்துக்கொண்டே நிற்கிறாள். கண் தெரியாதவளுக்கு மேலே என்ன வேடிக்கையோ.

இன்னொன்று. மகள் எனக்கு ஒத்தாசை செய்கிறேன் என்று உங்கள் சட்டையைச் சோப்புப் போட்டுத் துவைத்துக் காயப்போட்டுவிட்டாள். எவ்வளவு பெருமை தெரியுமா முகத்தில். அவளைத் தட்டிக்கொடுத்தேன். அடுக்களைக்குப் போய்க் கொஞ்சம் அழுதேன், அவ்வளவுதான்.

சீக்கிரம் பதில் போடுங்கள்.

உங்கள் வீட்டுக்காரி

3

அன்புள்ளவருக்கு,

வெளிக்கதவுப் பக்கத்துக் கல்லில் உட்கார்ந்து எழுதுகிறேன். தாளை மடியில் வைத்திருக்கிறேன், எழுத்து கோணினால் மன்னியுங்கள்.

இன்று காலை லாடம் அடிக்க வந்தவர் உள்ளே கால் வைத்ததுமே நின்றுவிட்டார். இது என்ன வாசனை என்றார். லத்திக் குவியல் மாதிரியே உள்ளே வேலை நடக்கிறது என்று பெருமையாகத் தெர்மாமீட்டரைக் காட்டினேன். எழுபத்தொன்பது. அவர் முகம் வெளுத்துப்போயிற்று.

"அக்கா, இது லத்தி இல்ல, மக்குறதுக்கு. ஈரத்தோட கட்டின புல்லு, தானாவே பத்திக்கும். மொதல்ல குதிரைங்கள வெளிய எடுங்க."

தீயணைப்பு வண்டி வர ஒரு மணி நேரமாவது ஆகுமாம். அதுவரை ஒரு கட்டைக்கூட இழுக்கக் கூடாது, காற்றுப் பட்டால் குபீரென்று பிடித்துக்கொள்ளும், யாரும் பரணுக்குக் கீழே போகவே கூடாது என்று போனில் கண்டிப்பாகச் சொன்னார்கள். அதற்குள் ஆறு குதிரைகளை வெளியே கொண்டுவந்திருந்தோம். லாடக்காரரும் குதிரைக்காரரும் அவற்றைத் தெருவுக்கு அந்தப் பக்கத்து வயலில் கட்டப் போயிருக்கிறார்கள். என்னை இந்தக் கல்லை விட்டு எழுந்திருக்கக் கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

குதிரைக்காரருக்கு முன்னாலேயே தெரிந்திருக்கிறது. ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். ஒரு தடவை சொன்னேனே அம்மா என்றார். என் நாக்குதான் காரணம். வட்டம், வாக்கு என்று நான் பிடித்த பிடிவாதம்தான் காரணம். நீங்கள் அவரைக் கோபிக்க வேண்டாம்.

மகாராணி வரவில்லை. மூன்று பேரும் இழுத்துப் பார்த்தோம், நான்கு காலையும் ஊன்றிக்கொண்டு குதிரைக்காரரைக் கடித்துவிட்டாள். உங்கள் சட்டையைப் போட்டுக்கொண்டு போனேன். முகர்ந்தாள். சோப்பு வாசனைதான் வந்திருக்கும். முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

கூரை விளிம்பில் மெல்லிசாகப் புகை வருகிறது. ஆவியாகவும் இருக்கலாம். அவள் கனைக்கிறாள். கூப்பிடுகிற கனைப்பு, உங்களுக்குத் தெரியும்.

இதை எழுதிக்கொண்டே நடுநடுவில் உதட்டைக் குவித்து ஊதிக்கொண்டிருந்தேன். முதலில் காற்றுதான் வந்தது. இப்போது வருகிறது. நீங்கள் அடிப்பது போல இரண்டு குட்டை, ஒரு நீளம். கேட்டதும் உள்ளே கனைப்பு நின்றது, காலை மாற்றி வைக்கிற சத்தம் வந்தது. கதவு வரைக்கும் வரவில்லை. கொஞ்சம் பக்கத்தில் போய் அடித்தால் வருவாள்.

கடிதத்தை லாடக்காரர் வண்டியின் முன்சீட்டில் வைத்துவிட்டுப் போகிறேன். அவர் தபாலில் சேர்த்துவிடுவார்.

மகள் பள்ளியில் இருக்கிறாள், நான்கு மணிக்கு வருவாள். நீங்கள் எந்தக் கடலில் இருந்தாலும் நன்றாக இருக்க வேண்டும். வந்ததும் முதலில் அவளைப் பாருங்கள், லாயத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். கணக்குப் பாடத்தில் கொஞ்சம் திணறுகிறாள், பக்கத்தில் உட்கார்ந்து பொறுமையாகச் சொல்லிக்கொடுங்கள். அந்தச் சட்டையைப் பற்றி மட்டும் அவளிடம் எப்போதும் பேசிவிடாதீர்கள்.

உங்கள் வீட்டுக்காரி