மூக்குத்தித் திருகாணி போட்ட இஞ்சின்

அக்கா,

இந்தத் தகர இஞ்சினை மடியில் வைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன். உங்கள் வீட்டுப் பரணின் பாச்சை உருண்டை வாசம் இதைவிட்டு இன்னும் போகவில்லை.

நாம் ஓரகத்திகள் இருவரும் ஒரே வீட்டில் இருந்தபோது, என் வீட்டுக்காரர் மெட்ராஸிலிருந்து பையனுக்கு வாங்கிவந்த ரயில் இது. தகரத் துண்டுகளை நாமே திருகு போட்டுப் பூட்ட வேண்டும். ஒரு திருகு தொலைந்துபோக, என் பழைய மூக்குத்தியின் திருகாணியைப் போட்டுச் சக்கரத்தைப் பூட்டினேன். ஒரு நாள் அரூர் சந்தைக்குப் போய்த் திரும்பினால் இஞ்சினை மட்டும் காணவில்லை. பையன் இரண்டு நாள் சோறு தின்னவில்லை. உங்களைக் கேட்டேன்.

"நான் எதுக்குடி எடுக்கறேன், இந்த வயசுல ரயில் ஓட்டவா?" என்று சிரித்தீர்கள்.

பாகம் பிரிந்து சில வருடம் கழித்து, உங்கள் அண்ணன் பெங்களூரிலிருந்து ஒரு ரயில் வாங்கித் தந்ததாகச் சொன்னீர்கள். காட்டச் சொன்னேன். "பரண்ல ஏத்திட்டன்டி" என்றீர்கள். அதற்குப் பிறகு உங்கள் வீட்டில் நான் கை நனைக்கவில்லை.

போன வாரம் அந்தப் பெங்களூர் ரயிலை விற்க, பழைய ரயில் பொம்மை சேர்க்கிற சேலத்துக்காரர் ஒருவரை உங்கள் மருமகள் வரவழைத்தாள். நீங்கள் போனதற்குத் துக்கம் கேட்கக்கூட வராத நான் போய் முன்னால் உட்கார்ந்தேன்.

அவர் அட்டைப்பெட்டியைத் திருப்பிக் கம்பெனி விலாசத்தைப் பார்த்தார். "பின்கோடு இருக்குதுங்க. பின்கோடு வந்ததே எழுபத்திரண்டுலதான், அப்ப டப்பா அதுக்குப் பொறகுதான். கோச்சுங்க பிளாஸ்டிக்கு, அதுவும் சரிதான்." பிறகு இஞ்சினை எடுத்தார். "இது தகரம். டப்பாவ விட மூத்தது. வேற செட்டோடதுங்க." சக்கரத்தைத் தடவிப் பார்த்தார். "இந்தத் திருகும் அசல் இல்லீங்களே."

ஆக, உங்கள் பெங்களூர்க் கதையில் பாதி நிஜம். அதையும் ஒத்துக்கொள்கிறேன்.

ஐம்பது வருடமாகச் சேர்த்துவைத்த பேச்சு இருந்தது. கேட்க நீங்கள் இல்லை. மருமகளிடம் சொல்லி என்ன ஆகப்போகிறது? அவர்கள் டீ குடிக்க எழுந்தபோது இஞ்சின் என் முந்தானைக்குள் வந்துவிட்டது.

அந்தத் திருகாணியை ஏன் மாற்றாமல் விட்டீர்கள்? கவனிக்கவில்லையா? நான் ஒரு நாள் பார்க்கட்டும் என்றுதான் வைத்தீர்களா? உங்களை நம்பி ஒரு முடிவுக்கும் வர முடியாது.

இன்று காலையில் உங்கள் மருமகள் போன் செய்தாள். "சின்னத்தே, அந்த இஞ்சினக் காணோமுங்க. நீங்க ஏதும் பாத்தீங்களா?"

யோசிக்கவே இல்லை. சிரிப்புகூட உங்கள் சிரிப்பாகத்தான் வந்தது.

"நான் எதுக்கும்மா எடுக்கறேன், இந்த வயசுல ரயில் ஓட்டவா?"