வயசு நீங்களே பாத்துப் போடுங்க

3-1-81, சனி

காலையில் நல்ல பனி. மூக்கடைப்பு. மருந்துக் கம்பெனிக்காரர் கொடுத்த டைரியில் இரண்டு பக்கம் வெள்ளையாகவே போயிற்று. எழுத ஒன்றுமில்லை. இன்று இருக்கிறது.

சாயங்காலம் ஐந்து மணி, பூப்பந்து மைதானம். காணும் பொங்கல் பந்தயத்துக்கு ஐந்து பேர் பட்டியலைச் செல்வம் வாசித்தான். கிளப் செக்ரட்டரி. பேங்கில் கிளார்க், வயது இருபத்தெட்டு, எனக்கு முன்னால் முன்வரிசையில் ஆடுகிறவன். பட்டியலில் என் பெயர் இல்லை. இருபத்து நாலு வருஷமாக இடது பின்மூலை என் இடம். அங்கே ஒரு புதுப் பையன் பெயர்.

“அண்ணே, நீங்க அம்பயரா மேல ஒக்காருங்க. நீங்க அங்க இருக்கிறதே எங்களுக்குத் தெம்பு. ஆட்டத்துக்கு முன்னாடி ஒரு பொன்னாடையும் போத்திடறோம்.”

எல்லோரும் கை தட்டினார்கள். நானும் சிரித்தேன். இப்போது எரிவது அந்தச் சிரிப்புதான்.

நாளைக்கு: சலூன். மண்ணெண்ணெய். சைக்கிள் இடது பெடல்.

4-1-81, ஞாயிறு

சலூனில் கேட்டான், “கம்பவுண்டர் சாருக்கு மீசைக்கு மட்டும் மை வச்சிரலாமா?” வேண்டாம் என்றேன். பாதி வழி வந்தபின் வைத்திருக்கலாமோ என்று தோன்றியது. வெட்கக்கேடு.

கணக்குப் பார்த்தால் இந்த ஒரு வருஷத்தில்தான் எல்லாம்:

ஜெயங்கொண்டம் பஸ்ஸில் ஒரு காலேஜ் பெண் எழுந்து இடம் கொடுத்தது. உட்கார்ந்துவிட்டேன். ஏன் உட்கார்ந்தேன்?

ரேஷன் கடையில், “பெரியவருக்கு வழி விடுங்கப்பா.” திரும்பிப் பார்த்தேன், யார் அந்தப் பெரியவர் என்று.

டாக்டர் வீட்டுக் குழந்தை போன தீபாவளி வரைக்கும் மாமா என்றது. இப்போது தாத்தா.

கமலத்திடம் பட்டியல் சங்கதியைச் சொன்னேன். ஒரு வார்த்தை ஆறுதல் சொல்வாள் என்று பார்த்தால், “நல்லதாப் போச்சு. பொங்கலுக்குச் சம்பந்தி வூட்டுக்காரங்க வராங்க. அவங்க முன்னாடி அரை டவுசரோட குதிக்காம இருந்தீங்களே, அதுவே போதும். நாலு பேரு என்ன நெனைப்பாங்க?”

இதே கமலம். கல்யாணமான புதிதில் அந்த வெள்ளை டவுசரைக் கஞ்சி போட்டுத் தேய்த்துக் கொடுத்தவள். மார்க்கெட்டுக்குப் போகிற சாக்கில் குதிரை வண்டியை மைதானத்து ஓரமாக நிறுத்தச் சொல்லி, திரைத்துணியை விலக்கிப் பார்ப்பாள். அன்றைக்கென்று பந்தெல்லாம் எனக்கு வாழைப்பழம் மாதிரி வந்து விழும். அவளுக்கு அதெல்லாம் ஞாபகம் இருக்கிறதா? கேட்கக் கூச்சம்.

சர்டிபிகேட் படி எனக்கு 55. பள்ளிக்கூடத்தில் இரண்டு வயது கூடப் போட்டுவிட்டார்கள் என்று அப்பா யாரிடமோ சொல்லிக் கேட்ட நினைவு. அப்படியானால் 53. அதெல்லாம் ஒரு வயதா? பெரம்பலூர் போய் அக்காவிடம் கேட்டு உறுதி செய்துகொள்ள வேண்டும். பிறகு செல்வத்துக்கு இருக்கிறது.

6-1-81, செவ்வாய்

கூட்டம் தாளவில்லை. எல்லாம் சளி, இருமல். மிக்சர் கலக்கிக் கலக்கிக் கை ஓய்ந்தது. பாட்டிலில் ஒட்ட, ஒரு வேளைக்கு எவ்வளவு என்று அளவு காட்டும் காகிதம் வெட்டவே தனி ஆள் வேண்டும்.

சீட்டு எழுதுவதும் நான்தான். பேர், ஊர், வயசு. முப்பது வருஷமாக. பேரும் ஊரும் சொல்வார்கள். வயசு கேட்டால், “நீங்களே பாத்துப் போடுங்க சார்.” பார்த்துப் போடுவேன். நரைத்திருந்தால் ஐம்பது. முன்பல் போயிருந்தால் அறுபது. கம்பு ஊன்றி வந்தால் எழுபது. யாரும் மறுத்ததில்லை. மறுக்க அவர்களுக்கு வாசிக்கத் தெரியாது.

இன்று ஒரு அம்மாள். கடலைக்காட்டு வேலை, வெயிலில் கறுத்து வற்றிய முகம், முன்பல் ஒன்று இல்லை. ஒரு பார்வை. அறுபது என்று எழுதிவிட்டேன். டாக்டர் சத்தமாக வாசித்துவிட்டார்.

“அறுவதா? எனக்கா? என் கடைக்குட்டி இன்னும் மடியை விட்டு எறங்கல சாமி!”

பெஞ்சில் இருந்தவர்கள் எல்லாம் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. கன்னத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். டாக்டர் அறுபதை அடித்துவிட்டு நாற்பது என்று போட்டார். வரும்போது விறுவிறுவென்று வந்தவள், போகும்போது முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு மெதுவாகப் போனாள். மருந்து பாட்டிலைக் கூட மறந்துவிட்டாள். நானே ஓடிப்போய்த் தெருவில் கொடுத்தேன். மன்னிப்புக் கேட்டிருக்கலாம். “ராத்திரிக்கு ஒரு வேளை” என்று மட்டும் சொன்னேன்.

8-1-81, வியாழன்

மைதானத்துக்குப் போகவில்லை. உடம்பு சரியில்லை என்று சொல்லி அனுப்பினேன். பொய். வீட்டில் உட்கார்ந்து பேட்டுக்கு நரம்பு இறுக்கினேன். யாருக்காக என்று தெரியாது.

பழைய நாட்கள் வரிசையாக வருகின்றன. அப்போது மைதானத்துக்கு வேலி கிடையாது. பந்து போய் மாட்டு வண்டியில் விழும், வண்டிக்காரர் அடுத்த தெருவிலிருந்து எறிவார். மஞ்சள் பந்து செம்மண்ணில் புரண்டு இரண்டே நாளில் காவியாகிவிடும். வரதராஜன்பேட்டைத் திருவிழாப் பந்தயம். கோப்பையை ஜெயித்து, லாரியில் கடலை மூட்டை மேல் மல்லாந்து படுத்து அரியலூர் வந்தது. கோப்பையில் டீ வாங்கி ஐந்து பேரும் சுற்றிச் சுற்றிக் குடித்தோம். அதில் பித்தளை மணம். இன்றைக்கும் நாக்கில் இருக்கிறது.

அந்த ஐவரில் காதர் பாய் ஒருவர். இடது பின்மூலை அவருடையது. அவர் எடுக்காத பந்து இல்லை.

எழுதுவதா வேண்டாமா என்று இருந்தேன். எழுதியே தீர வேண்டும். அவரை அங்கிருந்து எடுத்தது நான். 57-ஆம் வருஷம். அவருக்கு அப்போது 47 இருக்கும். முதுகுக்குப் பின்னால் நாங்கள் அவரைப் பெருசு என்போம். ஒருநாள் நான்தான் போய்ச் சொன்னேன்: “பாய், நீங்க இனிமே அம்பயரா இருங்க. நீங்க மேல ஒக்காந்தா எங்களுக்குக் கௌரவம்.” ஏறக்குறைய செல்வம் சொன்ன அதே வார்த்தை. பாய் சரிப்பா என்றார். மறுநாளிலிருந்து மைதானத்துக்கே வரவில்லை. அந்த மூலையில் நான் நின்றேன். நாற்பத்தேழு என்பது ஆட்டத்துக்குக் கிழட்டு வயது என்று அன்று எனக்கு அவ்வளவு நிச்சயமாகத் தெரிந்திருந்தது.

11-1-81, ஞாயிறு

பெரம்பலூர். காலை பஸ். நின்றுகொண்டே போனேன். ஒருவர் எழுந்தார், நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

தனம் அக்கா சின்ன வெங்காயம் குவித்துப்போட்டு ஆய்ந்துகொண்டிருந்தாள். அவளுக்குக் கண்ணிலும் தண்ணீர், எனக்கும். விஷயத்துக்கு வந்தேன். அக்கா, நான் பிறந்தது வெள்ளத்துக்கு அப்புறந்தானே?

கொள்ளிடம் உடைத்துக்கொண்ட பெருவெள்ளம். எங்கள் ஊர் ஆற்றங்கரை. அங்கே எல்லாருடைய வயதும் வெள்ளத்துக்கு முன், வெள்ளத்துக்குப் பின் என்றுதான்.

“அப்புறமா? யார்றா சொன்னது? வெள்ளத்துல நீ என் இடுப்புலதான்டா இருந்தே. எனக்கு எட்டு வயசு. உனக்கு ரெண்டு முடிஞ்சிருச்சு. கோயில் மேட்டுக்குத் தூக்கிட்டு ஓடறேன், பயந்துபோயி என் தோளைக் கடிச்சு வச்சுட்ட. முழு வாய்ப் பல்லு!”

அப்பா இரண்டு கூட்டிப் போட்டாராமே?

“கூட்டலைடா, கொறைஞ்சுபோச்சு. ஒனக்குக் குட்டைக் கை. வாத்தியாரு தலைக்கு மேல கையைப் போட்டு அந்தப் பக்கத்துக் காதைத் தொடச் சொல்லுவாரு. தொட்டாத்தான் அஞ்சு வயசு, சேத்துக்குவாரு. ஒனக்கு எட்டவே இல்ல. மூணு வருசம் அப்பா கூட்டிட்டுப் போயி கூட்டிட்டு வந்தாரு. கடைசியில தொட்ட. அன்னிக்குத்தான் அஞ்சுன்னு எழுதிக்கிட்டாரு.”

24-இல் வெள்ளம். இரண்டு வயது. அப்படியானால் எனக்கு 58 முடிந்து 59 நடக்கிறது. ஐம்பத்து மூன்றை வாங்கப் போனவன்.

அக்கா விழுந்து விழுந்து சிரித்தாள். அப்புறம் என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள். ஒரு பை வெங்காயம் கொடுத்தாள். திரும்பும்போது பஸ்ஸில் ஒருவர் எழுந்தார். உட்கார்ந்தேன்.

12-1-81, திங்கள்

எழுந்ததும் வலது முட்டியில் வலி. மாடிப்படியில் கைப்பிடியைப் பிடித்தேன். பிறகுதான் யோசித்தேன்: போன திங்களும் இதே முட்டி, இதே படி. அன்று எனக்கு 53.

கமலத்திடம் சொன்னேன். “அப்ப நமக்குள்ள ஆறு வயசு வித்தியாசம்னு சொல்லி எங்கப்பாவை ஏமாத்திட்டீங்களா? ஒம்பதா!” என்று கோபித்துக்கொண்டாள். சமையலறைக்குப் போய்த் தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தாள். சத்தம் கேட்டது.

13-1-81, செவ்வாய், போகி

தெருவெல்லாம் புகை. மதியம் காதர் பாய் கடைக்குப் போனேன். மார்க்கெட் ரோட்டில் சின்னதாக டீத்தூள் கடை. கால் கிலோ கேட்டேன். அவர் பொட்டலம் கட்டும்போது இன்னும் அந்த மணிக்கட்டு, இடது கைக்காரர் மணிக்கட்டு, அப்படியே சுழல்கிறது.

இருபத்து நாலு வருஷம் கழித்துக் கேட்டேன்.

“பாய், அன்னிக்கு நான் அப்படிச் சொன்னதுல வருத்தமா?”

நூலைப் பல்லால் கடித்து அறுத்தார்.

“நீ மரியாதையாத்தான் சொன்னே தம்பி. வைது சொல்லியிருந்தா நானும் ரெண்டு வைதுட்டு மறுநாளு வந்து நின்னிருப்பேன். மரியாதைக்கு என்னத்தத் திருப்பிச் சொல்றது?” பொட்டலத்தை என் பக்கம் நகர்த்தி, “நீ சொன்ன அன்னிக்கு ராவுதான் மொத மொதலா எனக்கு முதுகு வலிச்சுது. அதுக்கு முன்னாடியும் வலிச்சிருக்கும். நான் கவனிக்கல.”

மன்னிச்சுடுங்க பாய் என்றேன். அவர் டீத்தூளுக்குக் காசு வாங்க மறுத்தார். வாங்கிக்கொள்ளச் சொல்லிக் கெஞ்சினேன். வாங்கிக்கொண்டார்.

14-1-81, பொங்கல்

பொங்கல் வைக்க நல்ல நேரம் 10-க்கு மேல். சம்பந்தி வீட்டார் வந்து இறங்கினார்கள். கரும்பு சப்பை, போன வருஷத்துது இனிப்பு.

சாயங்காலம் செல்வம் வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். என் பேரைப் பட்டியலில் சேரு.

“அண்ணே, பொன்னாடை வாங்கியாச்சே…”

“என் சம்பந்திக்குப் போத்து. இன்னொண்ணு, எனக்கு அம்பத்தஞ்சு இல்ல. அம்பத்தொம்பது நடக்குது.”

53 என்று சொல்லத்தான் ஒரு வாரமாகத் தயார் செய்திருந்தேன். வாயில் இது வந்தது. அவன் பாவம், திருதிருவென்று முழித்தான். “சரிண்ணே. முடியலன்னா கையைத் தூக்குங்க, ஆளை மாத்திக்கலாம்” என்றான். வரும் வழியில் பயமாக இருந்தது. கை தூக்க வேண்டி வந்தால் அத்தோடு சரி, இனி அந்தப் பக்கம் போக முடியாது.

16-1-81, வெள்ளி, காணும் பொங்கல்

வெயில். காற்று மேற்கிலிருந்து. டவுசரைக் கொடியில் தேடினேன், இல்லை. கட்டில் மேல் மடித்து, கஞ்சி போட்டுத் தேய்த்து வைத்திருந்தது.

எதிரணி பெரம்பலூர். எல்லாம் இருபதுகள். சம்பந்தி முன்வரிசை நாற்காலியில்.

முதல் ஆட்டம் மகா மோசம். என்னைக் கண்ணாடிப் பாத்திரம் மாதிரி பார்த்துக்கொண்டார்கள். எனக்கு வரும் பந்தையெல்லாம் செல்வம் பின்னால் ஓடிவந்து எடுத்தான். “விடுங்கண்ணே, நான் பாத்துக்கறேன்.” மூன்று விட்டேன். மூன்றுக்கும் “பரவால்லண்ணே.” முட்டி வலித்தது. 17-29. கையைத் தூக்கிவிடலாம் என்று ஒரு தரம் பாதி தூக்கி, தலையைத் தடவிக்கொண்டேன்.

இரண்டாவது ஆட்டத்தில் உடம்பு சூடேறிவிட்டது. ஓரக்கோட்டில் நாலு பந்து எடுத்தேன். கூட்டம் சத்தம் போட்டது. 24-24. அப்போது ஒரு பந்து எனக்கும் செல்வத்துக்கும் நடுவில் பொத்தென்று விழுந்தது. செல்வம் பேட்டைத் தரையில் அடித்துக் கத்தினான்:

“யோவ்! தூங்குறியாய்யா? அது ஒன் பந்துய்யா!”

மைதானம் முழுக்கக் கேட்டது. சம்பந்திக்கும். எனக்கு உள்ளங்கால் வரை ஜிவ்வென்றது. அந்த ஆட்டம் 29-27, எங்களுக்கு. மூன்றாவது 26-29, தோற்றோம். கடைசிப் பந்து வரைக்கும் இடது மூலையில் நான்.

முடிந்ததும் செல்வம் முகமெல்லாம் செத்துப்போய் வந்தான். “அண்ணே, வாய் தவறிப்போச்சு. ஒங்க வயசுக்கு நான் அப்படி…”

“வயசு கெடக்குதுடா. நடுவுல விழுந்தா முன்னாடி நிக்கிறவன் பந்துடா மடையா. இது கூடத் தெரியாமயா செக்ரட்டரி ஆனே?”

“அதெப்படிண்ணே? நான் வலையை விட்டு எப்படி வர்றது? அது ஒம்ம பந்துதான்யா!”

டீக்கடை வரைக்கும் சண்டை. இன்னும் முடியவில்லை.