இருபத்து நாலில் ஒன்று

நேற்று உன் மகள் வந்து, உன் பெட்டியில் கிடந்த பனையோலைக் கிலுகிலுப்பையை என் மேசைமேல் வைத்தாள். ஓலை கறுத்துவிட்டது. உள்ளே கிடக்கும் கல் மட்டும் இன்னும் சத்தம் போடுகிறது. அதைக் கேட்டதும் எனக்கு அழுகை வந்திருக்க வேண்டும். வந்தது எரிச்சல்தான். நீ போய் ஒரு மாதம்கூட ஆகவில்லை, அதற்குள் மறுபடியும் உன்னோடு சண்டையை ஆரம்பித்துவிட்டேன்.

எழுபதுகளில் தூத்துக்குடியில் ஒரே கல்லூரியில் வேலை பார்த்தோம். நீ விலங்கியல், நான் கணிதம். உனக்கு உன் மாமா மகனைப் பேசியிருந்தார்கள். துறைமுகத்தில் வேலை, நல்ல மனிதர், உனக்கும் பிடிக்கும். ஆனால் உன் தம்பிக்குப் பிறவியிலேயே காது கேட்காது. "அத்தான் வீடுன்னா தம்பியப் பத்தி யாரும் கேக்க மாட்டாவ" என்பது உன் அப்பாவின் நிம்மதி. எந்தக் காரணத்துக்காகச் சொந்தத்தில் கட்டக் கூடாதோ, அதே காரணத்துக்காகவே கட்டி வைக்கிறார்களே என்று நீ தலையில் அடித்துக்கொண்டாய்.

ஒரு நோய் தன்னிடம் தெரியாமலே அதைப் பிள்ளைக்குக் கடத்துகிறவரைக் கேரியர் என்று வகுப்பில் சொல்வாய். தம்பிக்கு வந்திருப்பதால் உன் அப்பா, அம்மா இருவருமே கேரியர். நீயும் அப்படி இருக்க மூன்றில் இரண்டு பங்கு வாய்ப்பு. அத்தான் அப்படி இருக்க நாலில் ஒரு பங்கு. இருவருமே அப்படி என்றால், பிறக்கிற பிள்ளைக்குக் காது கேட்காமல் போக நாலில் ஒன்று. மூன்றையும் பெருக்கினால் இருபத்து நாலில் ஒன்று. கரும்பலகையில் பெருக்கிக் காட்டியவள் நான்தான். அதை அப்பாவிடம் கொண்டுபோய்ச் சொன்னாய். "அப்ப மிச்சம் இருபத்து மூணும் நல்லாத்தானளா இருக்கும்? பெறவு என்ன?" என்றார்.

அந்நியரைக் கட்டினால் ஆபத்து எவ்வளவு குறைவு என்று ஒப்பிட்டுக் காட்டினால் அவர் இறங்கி வருவார் என்று நம்பினாய். அதற்கு, இந்தக் கரையில் எத்தனை பேர் கேரியர் என்று தெரிய வேண்டும். காது கேளாமல் பிறந்தவர்கள் மொத்தத்தில் எத்தனை பங்கு என்று பார்த்து, அதற்கு வர்க்கமூலம் எடுத்து இரட்டித்தால் ஏறத்தாழக் கிடைக்கும். அந்தச் சூத்திரம் உறவு பார்க்காமல் கட்டுகிற ஊருக்குத்தான் சரி, மாமன் மகனையும் அத்தை மகளையும் கட்டுகிற ஊருக்குப் பொருந்தாது என்றேன். காதில் வாங்கினாயா? "தோராயமா வந்தா போதும், வாளா" என்று என்னை வேம்பார் பஸ்ஸில் ஏற்றிவிட்டாய்.

லீவு நாளெல்லாம் வீடு வீடாக ஏறினோம். கைக்குழந்தைக்குப் பின்னால் நின்று நான் கிலுகிலுப்பையை ஆட்டுவேன். திரும்புகிறதா என்று நீ பார்ப்பாய். பெரிய பிள்ளைகளைப் பற்றி, "காது கேளாத நோய் யாருக்காச்சும் உண்டுமா?" என்று கேட்பாய். எல்லா வீட்டிலும் "இல்லம்மா"தான். "பொய், அத்தனையும் பொய்!" என்று உப்பளத்து வெயிலில் என்னிடம் கத்துவாய், நான்தான் அந்தப் பிள்ளைகளை ஒளித்து வைத்த மாதிரி.

ஒரு நாள் நாசரேத்தில் உன் வீட்டுக்கே போனோம். விளையாட்டாக உன் அம்மாவிடமும் அதே கேள்வியைக் கேட்டேன்.

"நம்ம வீட்ல அப்படி ஒண்ணும் இல்லியே," என்றார். அந்த நேரம் பார்த்து உன் தம்பி எங்களுக்குக் காப்பி கொண்டுவந்து நின்றான்.

"எம்மா! இந்தா நிக்கான்லா!" என்று கத்தினாய்.

"அவனுக்கு என்னளா நோயி? காது கேக்காது, அவ்வளவுதான?"

தம்பி உதட்டைப் பார்த்தே பேச்சைப் புரிந்துகொள்கிறவன். உன் விரல் தன் பக்கம் நீண்டதையும் பார்த்துவிட்டான். டம்ளர்களை வைத்துவிட்டு, என் கையிலிருந்த கிலுகிலுப்பையை வாங்கித் தன் தலைக்குப் பின்னால் ஆட்டினான். கேட்கவில்லை என்று கையை விரித்துச் சிரித்தான். என்னையும் ஒன்றாக எண்ணிக்கொள் என்று ஒரு விரலைக் காட்டினான். நீ எழுந்து அடுக்களைக்குப் போய்விட்டாய்.

யாரும் பொய் சொல்லவில்லை. நம் கேள்விதான் தப்பு. "கூப்பிட்டா திரும்பாத பிள்ள இங்க உண்டுமா?" என்று மாற்றிக் கேட்டோம். அதே வீடுகளில் பிள்ளைகளைக் கையைப் பிடித்துக் கூட்டிவந்து காட்டினார்கள். எண்ணிக்கை ஏறியது. அது ஏறினால் அந்நியரைக் கட்டுவதிலும் ஆபத்து ஏறுமே, உன் வாதம்தானே மெலியும்? பழைய எண்ணிக்கையையே சொல்லியிருக்கலாம். நீ புது எண்ணிக்கையைத்தான் அப்பாவிடம் சொன்னாய். அப்போதும் சொந்தத்தில்தான் ஆபத்து கூடுதல் என்றது கணக்கு. அந்தக் கணக்கை நீயே போட்டு, நீயே சரிபார்த்து, கடைசியில் அத்தானையே கட்டிக்கொண்டாய்!

ஏன் என்று கேட்டேன். "தம்பி மாதிரி பிள்ள பொறந்துரும்னு அவன் முன்னாலயே எப்படிளா சொல்லுவேன்?" என்றாய். அது ஒரு பதிலா? விலங்கியல் படித்தவள் சொல்கிற பதிலா? மாதக்கணக்கில் உன்னோடு பேசாமல் இருந்தேன்.

மூத்த இருவரும் கிலுகிலுப்பைக்குத் திரும்பினார்கள். மூன்றாவது திரும்பவில்லை. பயந்துகொண்டேதான் உன்னைப் பார்க்க வந்தேன். நீ குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு, "அப்பா சொன்னது தப்புளா. இருபத்து மூணு இல்ல, இருபத்து நாலுமே நல்லாத்தான் இருக்கு," என்றாய். கணக்கு அப்படிப் போகாது என்று கத்தினேன். குழந்தை அசையாமல் தூங்கியது. நீ சிரித்தாய்.

நேற்று வந்தவள் அந்த மூன்றாவதுதான். தாய்மாமனிடம் சைகைப் பேச்சு கற்று, இன்று பள்ளியில் ஓவியம் சொல்லிக்கொடுக்கிறாள். காப்பியைக் குடித்துவிட்டு ஜன்னல் வழியாகத் துறைமுகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பின்னால் இருந்து கிலுகிலுப்பையை ஆட்டிப் பார்த்தேன். எழுந்து போய்த் தோளைத் தொட்டேன். உன் சிரிப்போடு திரும்பினாள்.

உன் கணக்கு தப்பு என்று இப்போதும் சொல்வேன். எந்த வரியில் தப்பு என்றுதான் என்னால் காட்ட முடியவில்லை.