கூட்டில் எது திருடன்?

மே 6

நான் பார்த்துக்கொள்ளும் லிஃப்ட் மோட்டார் அறை மொட்டைமாடியில். ஜன்னலை ஒட்டிய கிளையில் காக்காக் கூடு. பாதிக் கூடு நான் வெட்டிப்போட்ட கம்பித் துண்டுதான். அந்த வகையில் அந்த வீட்டுக்கு இன்ஜினியர் நானே. உள்ளே இரண்டு குஞ்சு. ஒன்று கரிக்கட்டை, கொழுகொழு. இன்னொன்று செக்கச்செவேலென்று, வயிறு முதுகோடு ஒட்டி. தாய் எதைக் கொண்டுவந்தாலும் கரிக்கட்டை வாய்க்கே போகிறது. போட்டோ எடுத்தேன். மத்தியானம் எனக்குச் சோறு இறங்கவில்லை.

மே 7

சின்னது தலையைத் தூக்கவே இல்லை. பார்த்துக்கொண்டு சும்மா இருப்பதா? "அதுங்க குடும்பத்துக்கு நீங்க எதுக்குங்க நாட்டாமை?" என்கிறாள் மனைவி. பக்கத்து வீட்டில் தீப்பிடித்தாலும் இப்படித்தான் சொல்வாளோ?

மே 8

மர்மம் உடைந்தது. எட்டாவதோடு நின்ற மூளைதான், ஆனாலும் மூளை. குயில் காக்காக் கூட்டில்தானே முட்டையிடும்? அப்போது இதில் ஒன்று திருட்டுக் குஞ்சு. காக்கா கறுப்பு, ஆகவே கறுப்பு அதன் பிள்ளை. சிவப்பு வெளியாள். அதை எடுத்துவிட்டால் தாய்க்குப் பாரம் குறையும், பசித்ததை வீட்டில் நான் வளர்த்துவிடுவேன்.

எடுத்தேன். நாற்பது காக்கா சூழ்ந்துகொண்டன. சரி, இரண்டு. மண்டையில் ஒரு கொத்து. காவலாளியிடம் கழுகு என்று சொல்லிவைத்திருக்கிறேன்.

அட்டைப்பெட்டி, பஞ்சு, மேலே பல்பு. முட்டைக் கருவைக் கரைத்து ஊற்றினேன். ஒரே ஒரு தரம் வாய் திறந்தது.

மே 9

காலையில் விறைத்துக் கிடந்தது. பூந்தொட்டியில் புதைத்தேன்.

மே 10

கீழே எல்லோரிடமும், ஒரு காக்காக் குடும்பத்தையே காப்பாற்றினேன் என்றேன். மூன்றாம் மாடி முழுக்கத் திரண்டு வந்து கேட்டது. மூன்று பேர்.

மே 18

அக்கா மகள் வந்தாள். கால்நடை ஆஸ்பத்திரியில் வேலை. என் வீரக்கதையைக் கேட்டுவிட்டு, போட்டோவை ரொம்ப நேரம் பார்த்தாள்.

"மாமா, எதை எடுத்தீங்க?"

"சிவப்பை."

"புதுசா பொறந்த காக்கா குஞ்சு சிவப்பாத்தான் இருக்கும். இந்தக் கறுப்புதான் குயில்."

"அப்போ கறுப்பை எடுத்திருக்கணும்."

"எடுத்திருந்தா அது செத்திருக்கும். அதுக்கும் பசிதானே மாமா?"

"சும்மா விட்டிருந்தா?"

"தெரியல. சில சமயம் ரெண்டும் பொழைச்சுக்கும்."

சில சமயம், ரெண்டும். வயிறு ஒட்டிக் கிடந்தது சிவப்புதானே. திருடன் வயிறு ஏன்டா ஒட்டும்? கண்ணு பார்த்துச்சு, மனசு சொல்லுச்சு — நான்தான் கேட்கல. பெரிய அறிவாளி.

மே 19

வேலைக்குப் போனேன். ஜன்னல் பக்கம் போகவில்லை.

மே 29

குயில் பறந்துவிட்டது. கூடு காலி. தாய்க் காக்கா வாயில் எதையோ கவ்விக்கொண்டு விளிம்பில் வந்து உட்கார்ந்தது. உள்ளே எட்டிப் பார்த்தது. இந்தப் பக்கம், அந்தப் பக்கம். அப்புறம் அதுவே விழுங்கிவிட்டது.

மோட்டாருக்கு எண்ணெய் விட்டேன். கீழே இறங்கியபோது காவலாளி, "அண்ணே, உங்க காக்கா எப்படியிருக்கு?" என்றான்.

இருக்கு என்றேன்.